நீராவி ரயிலை வாடகைக்கு எடுக்க: அம்பாராவாவா, நீலகிரியா, பேங்காக்கா, சபாவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் கேமராப் பிரியர்கள் பதினைந்து பேர் சேர்ந்தால் நீராவி ரயில் பேச்சு தானாக வந்துவிடும். தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதையில் 1885இல் தொடங்கிய நீராவிக் காலம் தீபகற்பத்தில் முடிந்துபோனது. இனி வெளியே போய்த்தான் எடுக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் நான்கு இடங்கள் இருக்கின்றன: இந்தோனேசியாவின் அம்பாராவா, தமிழ்நாட்டின் நீலகிரி, தாய்லாந்தின் பேங்காக், கிழக்கு மலேசியாவின் சபா.

எல்லாரும் முதலில் கேட்பது "தலைக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்)?" என்றுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: நாம் சொல்லும் இடத்தில் ரயிலை நிறுத்தி, நம்மை இறக்கிவிட்டு, பின்னால் சென்று, புகை கக்கியபடி மறுபடியும் ஓடி வருவார்களா? இந்த 'ரன்-பாஸ்ட்'டுக்குத்தான் தனி வாடகை கொடுக்கிறோம். அது இல்லையென்றால் கையில் இருப்பது வெறும் பயணச் சீட்டு.

அந்தக் கணக்கில் கடைசியில் நிற்பது பேங்காக். தாய்லாந்து ரயில்வே மார்ச் 26, அக்டோபர் 23, டிசம்பர் 5 போன்ற சிறப்பு நாள்களில் அயுத்தயா, நக்கோன் பாத்தோம் பக்கம் நீராவி ரயில் விடும். சீட்டு எடுத்து ஏறும் பொது ரயில் அது. யாருக்காகவும் நடுவழியில் நிற்காது. ஆனால் செலவு மிகக் குறைவு. சுங்கை சிப்புட்டில் இ.டி.எஸ். மின்சார ரயில் ஏறி எல்லையிலுள்ள பாடாங் பெசார், அங்கிருந்து இரவு ரயில், விசாவும் வேண்டாம். 824, 850 என்ற எண்ணுள்ள இரண்டு பசிபிக் வகை நீராவி இஞ்சின்களையும் டெண்டரோடு (எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் பின்பெட்டி) டெண்டர் சேர்த்து, முதுகுக்கு முதுகாக மாட்டுவதால் போகும்போதும் வரும்போதும் இஞ்சின் முகம் முன்னால் இருக்கும். ரயிலில் ஏறாமல் ஒரு வேன் பிடித்து, இரண்டு மூன்று இடங்களில் முந்திக்கொண்டு நிற்பதே புத்திசாலித்தனம்.

நீலகிரி என்றதும் மனசு இளகுவது இயல்பு. ஓட்டுநரிடம் தமிழிலேயே பேசலாம். நான்கு இடங்களில் இங்கே மட்டும்தான் அந்தச் சுகம். ஆனால் மலை ரயிலின் அமைப்பே படக்காரருக்கு எதிரி. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றம், தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த பல்சக்கரப் பாதை. பெட்டி உருண்டுவிடக் கூடாது என்பதால் இஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். மேலே ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். எதிரே நின்றால் உங்கள் படத்தில் விழுவது பிரேக்மேன் நிற்கும் பெட்டிதான். இறங்கும்போது இஞ்சின் முன்னால் வரும், ஆனால் அப்போது பாரம் இழுப்பதில்லை, புகையும் இல்லை. ஆகவே வளைவின் வெளிப்புறத்தில் பக்கவாட்டாக நின்று எடுக்கப் பழக வேண்டும். இந்தச் சரிவில் கண்ட இடத்தில் பின்னோக்கி ஓட்டச் சொல்லவும் முடியாது. தண்ணீர் பிடிக்க எப்படியும் நிற்கும் ஹில்குரோவ் நிலையத்தில் கூடுதல் நேரம் கேட்பதே நடக்கக்கூடியது.

தனி ரயில் விண்ணப்பம் இந்திய ரயில்வேயின் சீட்டு, சுற்றுலா நிறுவனமான ஐஆர்சிடிசி வழியாகப் போகும். 30 நாளைக்குக் குறையாமல் முன்பே போட வேண்டும். குன்னூருக்கு மேல் டீசல் இஞ்சின்தான், ஆகவே ஊட்டி வரை கேட்டுப் பணத்தைக் கரைக்க வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் ரயில் ரத்தாவது வழக்கம். தீபாவளி விடுமுறையை ஒட்டித் திட்டமிடுவோர் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

எங்கள் தேர்வு மத்திய ஜாவாவின் அம்பாராவா. ரயில் அருங்காட்சியகமே நீராவி இஞ்சினை வாடகைக்குத் தருகிறது. 1902இல் ஜெர்மனியின் எஸ்லிங்கனில் கட்டிய பி25 வகை, விறகு எரிப்பது. ஜம்புவிலிருந்து பெடோனோ வரை பல்சக்கரம். அங்கே நீலகிரியைப் போலவே பின்னால் நின்று தள்ளும். ஆனால் அம்பாராவாவுக்கும் ஜம்புவுக்கும் இடையே முன்னால் நின்று இழுக்கும். முகம் காட்டும் படமெல்லாம் அந்தத் துண்டில்தான். வழக்கமான ரயில்கள் நெருக்காத பாதை என்பதால் ரன்-பாஸ்ட் கேட்டால் பேச்சுக்கு இடமுண்டு.

கேட்கும்போது எழுத்தில் இருக்க வேண்டியவை: எந்த இஞ்சின், அது பழுதானால் டீசல் மாட்டுவார்களா அல்லது பணம் திரும்புமா, எத்தனை ரன்-பாஸ்ட், எத்தனை மணிக்குப் புறப்பாடு. நேரம்தான் இதில் உயிர். நீராவி வெள்ளையாகத் திரள குளிர்ந்த காற்று வேண்டும். வெயில் ஏறினால் புகைபோக்கியைத் தாண்டியதுமே கரைந்துவிடும். ஆகவே காலை 6.30க்கே வண்டி நகர வேண்டும். குளிர்ந்த கொதிகலன் சூடேறப் பல மணி நேரம் பிடிக்கும், அதனால் நள்ளிரவிலேயே நெருப்பு மூட்ட ஆள் வேண்டும். அந்த மிகைநேரக் கூலி தனி.

ஒரு ரன்-பாஸ்ட் முடியக் கால் மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். அடுப்பில் ஈர விறகைத் தள்ளினால் புகை அடர்த்தியாகும், கூடவே அழுத்தமும் இறங்கும். மூன்று ஓட்டத்துக்குப் பிறகு அழுத்தமானி ஏறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஒன்பது மணிக்கு வெளிச்சம் கெட்டுவிடும் என்றால் எட்டு ஓட்டம் கிடைத்தாலே லாபம். தரையில் கயிறு போட்டு, முன்வரிசை உட்கார, பின்வரிசை நிற்க, கயிற்றைத் தாண்டுபவரை அடுத்த ஓட்டத்தில் பெட்டியிலேயே உட்கார வையுங்கள். ஒருவர் தாண்டினால் அத்தனை பேர் படமும் பாழ். பருவம் மே முதல் செப்டம்பர் வரை.

சபாவின் தஞ்சோங் ஆரு–பாப்பார் ரயிலும் விறகு இஞ்சின்தான், 1954 வல்கன் ஃபவுண்டரி வகை. கடப்பிதழ் வேண்டாம், அடையாள அட்டை போதும். ஆனால் காலை பத்து மணிக்குப் புறப்படும் சுற்றுலா நேரத்தில் போனால் உச்சி வெயில், நீராவி கண்ணுக்கே தெரியாது. தனி வாடகையில் விடியற்காலை கிடைத்தால் மட்டுமே யோசிக்கலாம். அதற்கும் முன் இஞ்சின் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

தலைக்கணக்கு போடும்போது வாட்ஸ்அப்பில் கை தூக்கியவர்களை எண்ணாதீர்கள். 20,000 வெள்ளி வாடகைக்கு இருபது பேர் என்றால் தலைக்கு ஆயிரம். ஐந்து பேர் விலகினால் 1,333. பதினைந்து பேருக்கே விலை சொல்லி, திரும்பக் கிடைக்காத முன்பணத்தை வாங்கிய பிறகு ரயிலைப் பதியுங்கள். மிஞ்சினால் ஓட்டுநருக்கும் அடுப்புக்காரருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்கலாம்.