மலாயா அப்புவைத் தேடி: பழைய மரண அறிவித்தல்களோடு ஏழு ஆண்டுகள்

எங்கள் அப்பப்பாவின் தமையனை வீட்டில் எல்லோரும் ‘மலாயா அப்பு’ என்றுதான் சொல்வார்கள். ரயில்வே வேலைக்கு மலாயாவுக்குப் போனவர், ஸ்டேஷன் மாஸ்டர் ஆனவர், யப்பான்காரன் காலத்தில் (போரில் யப்பான் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலம்) செத்துப்போனவர். அப்பம்மா சொன்னது இவ்வளவுதான். படம் இல்லை, கடிதம் இல்லை. 2018இல் தேடத் தொடங்கியபோது என் கையில் அவருடைய பெயரும் ஊரும் மட்டுமே இருந்தன. இந்த ஏழு ஆண்டுகளில் எனக்கு அதிகம் உதவியவை பழைய மரண அறிவித்தல்கள். அவற்றை எப்படிப் பயன்படுத்தினேன், எங்கே ஏமாந்தேன் என்று எழுதி வைக்கிறேன். இதே தேடலில் இருக்கும் யாருக்காவது உதவட்டும்.

யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலின் வாய்பாடு நமக்கெல்லாம் மனப்பாடம். ‘...ஐப் பிறப்பிடமாகவும், ...ஐ வசிப்பிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கும். ‘அன்னார் காலஞ்சென்ற ... தம்பதிகளின் அன்பு மகனும்’ என்று போகும். பிறகு மருமகன், கணவர், தந்தை, மைத்துனர், சகலன், சம்பந்தி என்று உறவுகள் வரிசையாக வரும். சாதாரணமாகக் கண்ணை ஓடவிட்டுக் கடந்துவிடுவோம். வம்சாவளி தேடுபவருக்கு அந்த வரிசைதான் புதையல். பிறப்புச் சான்றிதழில் தாய் தகப்பன் பெயர் இருக்கும், சகலன் பெயர் இருக்காது. நான் கடைசியில் கதவைத் திறந்தது ஒரு மருமகனின் பெயரை வைத்துத்தான்.

முதல் இரண்டு ஆண்டுகள் நேர்வழியில் போய் வீணாக்கினேன். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ தளத்தில் 1845இல் தொடங்கிய ‘ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ்’, 1914இல் தொடங்கிய ‘மலாயா டிரிபியூன்’ போன்ற பத்திரிகைகளைச் சொல் கொடுத்துத் தேடலாம். சிங்கப்பூர்ப் பத்திரிகை என்றாலும் மலாயா முழுவதும் வாழ்ந்த இலங்கைத் தமிழர்களின் பிறப்பும் கல்யாணமும் சாவும் அதில் வரும். அப்பம்மா சொன்னபடி 1942 முதல் 1945 வரை தேடினேன். போர் முடிந்தபின் தாமதமாகப் போட்டிருப்பார்களோ என்று 1946, 1947 வரையும் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

திருப்பம் வந்தது அப்பம்மாவின் றங்குப்பெட்டியிலிருந்து. அதில் அப்பப்பாவின் தமக்கையுடைய கல்வெட்டு இருந்தது. (வேறு ஊர்க்காரர்களுக்காக: இது கல்லில் வெட்டியது அல்ல. இறந்த 31ஆம் நாள் கிரியைக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுச் சிறுநூலை நாங்கள் கல்வெட்டு என்போம்.) முன்பக்கத்தில் திதி வெண்பா இருந்தது. துன்முகி வருடம், ஆவணி மாதம், அபரபக்கம் (தேய்பிறை), திதி எல்லாம் சொன்ன வெண்பா ஆங்கில ஆண்டைச் சொல்லவில்லை. அறுபது ஆண்டுச் சுற்றில் துன்முகி என்றால் 1896 ஆகவும் இருக்கலாம், 1956 ஆகவும் இருக்கலாம். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் இருந்ததால் 1956 என்று முடிவாயிற்று. பின்பக்கத்தில் வம்சாவளி. அதில் ‘தமையன் (மலாயா)’ என்ற வரியும், அவருடைய மகளைக் கட்டிய, மலாயாவின் சிரம்பான் ஊர் மருமகனின் பெயரும் இருந்தன. அந்தப் பக்கத்தை அன்றிரவு எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை.

மருமகனின் பெயரைக் கொடுத்துத் தேடியதும் 1939ஆம் ஆண்டுக் கல்யாணச் செய்தி ஒன்று வந்தது. மணமகளின் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று இருந்தது. அப்படியென்றால் அவர் யப்பான்காரன் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்! அப்பம்மா பொய் சொல்லவில்லை. போர்க்காலத்தில் கடிதம் நின்றுபோனதும் மனிதரும் அப்போதுதான் போனார் என்று வீட்டில் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் பார்த்து, 1937இல் அவருடைய அறிவித்தலைப் பிடித்தேன். ஆறே வரிகள். கடைசி வரி, ‘இலங்கைப் பத்திரிகைகள் தயவுசெய்து எடுத்துப் போடவும்’. அந்தக் காலத்து ஆங்கில அறிவித்தல்களில் இந்த வரி வழக்கம். அதைப் பார்த்தால் கடலுக்கு இந்தப் பக்கமும் ஒரு அறிவித்தல் இருக்க வாய்ப்புண்டு என்று அர்த்தம். நா. பொன்னையா சுன்னாகத்திலிருந்து நடத்திய ‘ஈழகேசரி’யின் பழைய இதழ்கள் ‘நூலகம்’ மின்னூலகத்தில் உள்ளன. சில வாரம் கழித்து வந்த இதழில் அவருடைய ஊரும் தகப்பன் பெயரும் தமிழில் இருந்தன.

ஏன் நேரே தேடியபோது கிடைக்கவில்லை? ஆண்டு பிழை என்பது ஒன்று. பெயரின் எழுத்து மற்றொன்று. கனகசபை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அது கே-யில் தொடங்கலாம், சி-யில் தொடங்கலாம். நடுவில் ஜி வரலாம், கே வரலாம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முதலெழுத்து. அதனால் மகனின் பெயரில் தகப்பன் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடுவார். போதாததற்கு, ஸ்கேன் செய்த பழைய அச்சைக் கணினி பிழையாகப் படிக்கும். ஆகவே இப்போது நான் ஆளின் பெயரைவிட ஊரின் பெயரையே முதலில் தேடுகிறேன். அதற்கும் பழைய எழுத்துகள் தெரிந்திருக்க வேண்டும். வட்டுக்கோட்டை ‘பட்டிக்கோட்டா’ என்றும், தெல்லிப்பழை ‘தில்லிப்பள்ளி’ என்றும், உடுவில் ‘ஊடூவில்’ என்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1841இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய ‘உதயதாரகை’யையும், சைவக் குடும்பம் என்றால் 1889இல் தொடங்கிய ‘இந்து சாதன’த்தையும் பார்க்க வேண்டும். இறந்த வாரத்தோடு நிறுத்தவும் கூடாது. 31ஆம் நாள் நன்றி அறிவித்தல், ஓராண்டு நினைவு இரண்டையும் பாருங்கள். செத்தவீட்டு அவசரத்தில் விடுபட்ட பெயர்கள் அப்போது சேரும்.

நான் மோசமாக ஏமாந்த இடம் ஒன்று உண்டு. 1937 அறிவித்தலில் ஈப்போவில் ஒரு ‘சகோதரர்’ இருப்பதாக ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அப்பப்பாவுக்கு இன்னொரு தமையன் இருந்தாரா என்று ஓராண்டு அலைந்தேன். கடைசியில் அவர் சித்தப்பாவின் மகன். நமக்கு அவரும் தம்பிதான். ஆங்கிலத்தில் எழுதியவர் நம் வழக்கப்படி எழுதிவிட்டார். அறிவித்தலில் உள்ள உறவைத் தமிழில் திருப்பிப் போட்டுப் பார்க்காமல் வம்சாவளி மரத்தில் ஏற்றாதீர்கள். வயதையும் நம்பாதீர்கள்; என்னிடம் உள்ள அறிவித்தல்களில் ஒரே ஆளுக்கு நான்கு வயது வித்தியாசம் இருக்கிறது.

அறிவித்தல் போடக் காசு வேண்டும். அதனால் உத்தியோகக் குடும்பங்கள் தெரிகின்றன. தோட்டங்களில் வேலை செய்தவர்களும் ஒதுக்கப்பட்ட சாதியினரும் இந்தப் பக்கங்களில் பெரும்பாலும் இல்லை. இது என் மனதை உறுத்துகிறது. இருந்தவையும் தப்பவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிந்தபோது போன தாள்களில் எத்தனை வீடுகளின் வம்சாவளி இருந்திருக்கும்! ஆகவே வீட்டில் கல்வெட்டு இருந்தால் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். கரையான் காத்திருக்காது.

மலாயா அப்புவின் மனைவியின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. எந்த அறிவித்தலிலும் அவர் கணவரின் பெயரோடு வரும் ‘திருமதி’தான், கல்வெட்டில் ‘பாரியார்’. ஆனால் அவருக்கு ஒரு தம்பி இருந்தார், அறுபதுகளில் ஊரில் இறந்தார் என்று மாமி சொல்கிறார். இப்போது 1960களின் ‘ஈழநாடு’ இதழ்களில் மிஞ்சியவற்றைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவருகிறேன். தம்பியின் அறிவித்தல் கிடைத்தால் அதில் தமக்கை பெயர் சொல்லி வருவார்.