தலைகீழ் கண்ணாமூச்சியா, ஈர ஏழுகல்லா?

மே மாதம் எங்கள் தெருப் பிள்ளைகள் 28 பேரை வைத்துப் பத்து நாள் கோடை முகாம் நடத்தினோம். புதிதாக எதையும் வாங்கிப் போடாமல், பழைய விளையாட்டுகளிலேயே ஒன்றிரண்டு விதிகளை மாற்றிப் பார்த்தோம். மூன்றில் முழுதாகத் தேறியது ஒன்றுதான்.

ஏழுகல்லில் ரப்பர் பந்துக்குப் பதிலாக, வாளித் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்ச். அடி வலிக்கக் கூடாதென்றுதான் மாற்றினோம். கிடைத்த லாபம் வேறு. இந்த விளையாட்டில் பாதி நேரம் "பட்டது", "படவேயில்லை" என்ற வழக்கிலேயே கழியும். ஈர ஸ்பாஞ்ச் சட்டையில் சாட்சி வைத்துவிடுகிறது. முதுகைத் திருப்பிக் காட்டினால் தீர்ப்பு முடிந்தது. ஆனால் இருபது நிமிடத்தில் எல்லார் சட்டையும் நனைந்துபோய், வழக்கு பழையபடி தொடங்கியது. தரையில் விழுந்த ஸ்பாஞ்சில் மண்ணும் பொடிக்கல்லும் ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு முறையும் அலசியாக வேண்டும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

ஆள் பல்லாங்குழி என் யோசனை, தோற்றதும் அதுதான். கோலமாவில் 14 வட்டம், வட்டத்துக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள். பலகையில் குழிக்கு ஐந்து என்று 70 முத்து போடுவோம். இங்கே பிள்ளைகளே முத்து. கைக்குள் இருக்கும் புளியங்கொட்டை பேசாது. இந்த முத்துகளோ, "அந்தக் குழிக்குப் போக மாட்டேன், அவன் கிள்ளுகிறான்" என்றன. ஆடுவது இருவர், வெயிலில் நிற்பது மற்ற எல்லாரும். ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்து, அள்ளிக்கொள்ளும் 'பசு' ஆகும்போது எழுந்த கூச்சல் மட்டும் நன்றாக இருந்தது.

தலைகீழ் கண்ணாமூச்சியில் ஒளிபவர் ஒருவர், தேடுபவர்கள் மற்ற அனைவரும். கண்டுபிடித்தவர் சத்தம் போடாமல் அதே இடத்தில் சேர்ந்து ஒளிய வேண்டும். ஆங்கிலேயர்கள் இதற்கு டப்பாவில் அடைத்த மத்தி மீனின் பெயரை வைத்திருக்கிறார்கள். மண்டபத்துத் திரைக்குப் பின்னால் பதினோரு பேர் மூச்சை அடக்கி நெருங்கி நின்றபோது அந்தப் பெயரின் பொருத்தம் புரிந்தது. திரைக்கு அடியில் 22 கால்கள் தெரிந்தன; தேடியவர்கள் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடிபட்டவன் சுவரோரம் உட்கார்ந்து ஏங்குவது இதில் கிடையாது. கண்டுபிடித்தவனும் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறான். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

குறை ஒன்று உண்டு. கூடத்தில் சத்தம் அடங்க அடங்க, கடைசியாக மிஞ்சும் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கிவிடுகிறது. முதல் நாள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நடுக்கூடத்தில் நின்று அழுதேவிட்டாள். மறுநாள் முதல் இருவர் இருவராகக் கைகோத்துத் தேட விட்டோம். அவள் அன்று மூன்றாவதாகவே திரைக்குள் புகுந்துவிட்டாள்.