உதவிப் பணத்தைப் பின்தொடர: டி-போர்ட்டல் சேவை குறித்த மதிப்பீடு

வளர்ச்சி உதவி என்ற பெயரில் நாடுகளுக்கிடையே நகரும் பணம் எந்தத் திட்டத்துக்கு, யார் வழியாகச் செல்கிறது என்பதை எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கக்கூடிய இணையச் சேவை டி-போர்ட்டல். 2008இல் கானாவின் அக்ராவில் வளர்ச்சி உதவி குறித்து நடந்த மாநாட்டின்போது தொடங்கப்பட்ட பன்னாட்டு உதவி வெளிப்படைத்தன்மை முயற்சி வகுத்த வடிவத்தில் அரசுகள், ஐ.நா. அமைப்புகள், வளர்ச்சி வங்கிகள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவை தாமே வெளியிடும் தரவுகளை இது திரட்டித் தருகிறது.

ஒரு நாட்டைத் தேர்ந்து, அதில் ஏதேனும் ஒரு திட்டத்தின் பக்கத்தைத் திறந்தால்தான் இச்சேவையின் அருமை புரியும். துறையைச் சொல்லும் ஐந்திலக்கக் குறியீடு (12220 என்றால் அடிப்படை மருத்துவச் சேவை), தொடக்க நாள், முடிய வேண்டிய நாள் ஆகியவற்றுடன், நிதி தருபவர், பொறுப்பேற்பவர், இடைநின்று கடத்துபவர், செயல்படுத்துபவர் என நான்கு பங்குகளில் அமைப்புகளின் பெயர்கள் வருகின்றன. அதன் கீழே, தருவதாக உறுதியளித்த தொகையும் உண்மையில் விடுவித்த தொகையும் தேதிவாரியாகத் தனித்தனியே நிற்கின்றன. அறிவிப்பு விழாவில் சொன்ன தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் உள்ள இடைவெளியை, பெறும் நாட்டின் நிதி அமைச்சக அதிகாரி எவரையும் கெஞ்சாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காகவே இந்தப் பட்டியலைப் பாராட்ட வேண்டும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் கூட்டல். நிதி தந்த அரசும், அதை வாங்கிச் செலவிட்ட தொண்டு நிறுவனமும் ஒரே பணத்தைத் தனித்தனியே பதிவு செய்வதால், கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் தொகை இரட்டிப்பாகிவிடும். ஒரு நாட்டின் மொத்தக் கணக்கு வேண்டுவோர், இரட்டைக் கணக்கைத் தவிர்க்கும் நோக்கில் அதே முயற்சி உருவாக்கியுள்ள நாடுவாரி நிதித் தரவுக் கருவிக்குச் செல்வதே நல்லது.

இதைவிடப் பெரிய குறை சங்கிலியின் கடைக் கண்ணியில் இருக்கிறது. மனிதாபிமான நிதியில் குறைந்தது 25 விழுக்காட்டை 2020க்குள் உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகத் தருவதாக 2016இல் இஸ்தான்புல்லில் நன்கொடையாளர்களும் பெரிய உதவி அமைப்புகளும் உடன்பட்டனர். அந்த இலக்கு எட்டப்படவில்லை. துணை ஒப்பந்தத்தில் வேலை செய்யும் சிறு அமைப்புகள் பெரும்பாலும் தரவு வெளியிடுவதில்லை என்பதால், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை டி-போர்ட்டலை மட்டும் வைத்துச் சரிபார்க்கவும் முடியாது. விளைவுகளைப் பதிவு செய்யத் தனிப் பகுதி இருந்தும், பல திட்டங்களில் அது வெறுமையாகவே கிடக்கிறது. இது மென்பொருளின் குற்றமன்று. கொடுப்பவர் எழுதும் கணக்கைப் பெறுபவர் மறுத்துப் பதிவு செய்ய இந்த அமைப்பில் வழியில்லை. உதவி முறையைச் சீர்திருத்துவோர் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் கருத்து.

உதவி சுருங்கும் இக்காலத்தில் சேவையின் தேவை கூடியிருக்கிறது. செல்வ நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாகத் தர வேண்டும் என 1970இல் ஐ.நா. வகுத்த இலக்குக்கு எதிரே, 2024இல் ஓஇசிடி அமைப்பின் நன்கொடை நாடுகள் குழு தந்தது 0.33 விழுக்காடு மட்டுமே. 2025இல் அமெரிக்கா தன் உதவி முகமையையே கலைத்தது. ஒரே நன்கொடையாளரை நம்பியிருக்கும் திட்டங்கள் எவை என்று அறிய இங்கே தேடலாம். ஆனால், பாதியில் கைவிடப்பட்ட திட்டமும், வெளியிட்ட அமைப்பு திருத்தும் வரை நடப்பில் உள்ளதாகவே தோன்றும் என்பதால், தொகையைப் பார்க்கும் முன் கடைசியாகப் புதுப்பித்த தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.