எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் கடை: குன்னூரில் ஒரு பாத்திர வாடகைக் கடை

குன்னூரில் தெருச் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம், கோயில் கமிட்டி என்று எதையாவது இழுத்துக்கொண்டு அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அவ்வளவாக உதவாது. அவர்களில் பலருக்கு மண்டபத்திலேயே பாத்திரம் கிடைத்துவிடும். நாலு கரண்டி குறைந்தாலும் அந்த மும்முரத்தில் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. சங்கத்தில் கேட்பார்கள். மாதச் சந்தாவையே மூன்று தடவை கதவைத் தட்டின பிறகு கொடுத்தவர்தான் ஆண்டுக் கூட்டத்தில் முதலில் எழுந்து, "கரண்டி தொலைஞ்சதுக்கு நாம எதுக்குப் பணம் கட்டணும்?" என்பார். பதில் சொல்ல வேண்டியது பொருளாளர். எங்கள் தெருவுக்கு அது நான்.

கடை மார்க்கெட்டை ஒட்டி இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது. பெயர்ப் பலகையில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. வாடகைப் பாத்திரம் என்று கேட்டால் பக்கத்துக் காய்கறிக் கடையில் கை காட்டிவிடுவார்கள். நடத்துகிறவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறோம். சாமியானா, சேர், மடக்கு மேசை, ஜமக்காளம், அண்டா, தேக்சா, சாம்பார் வாளி, ஜல்லிக்கரண்டி, எவர்சில்வர் தட்டு, டம்ளர், பெரிய கேஸ் அடுப்பு, மைக் செட் எல்லாம் உண்டு. ஜெனரேட்டர் இல்லை.

இந்த ஊரில் டம்ளர் வாடகை ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கீழே இருந்து புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக்கை ஒழிக்கும் வேலை 2000ஆம் ஆண்டுவாக்கில், சுப்ரியா சாஹு கலெக்டராக இருந்தபோதே தொடங்கிவிட்டது. அப்புறம் 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை வந்தது. அந்தத் தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும்கூட இருக்கின்றன. "பேப்பர்தானே மேடம்" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு உறுப்பினர் கப்புக் கட்டோடு வந்து நிற்பார். உள்பக்கம் நகத்தால் சுரண்டிக் காட்டினால்தான் நம்புவார். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாளுக்கு முன்பே நகராட்சிக்குத் தகவல் சொல்ல வேண்டும், குப்பையைப் பிரித்துக் கொடுப்பதும் நம் பொறுப்பு என்று திடக்கழிவு விதிகள் சொல்கின்றன. பாக்குமட்டைத் தட்டு வாங்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் செலவு. வாழை இலை மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வர வேண்டும், அதன் விலை முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மாறும். கடைசியில் எவர்சில்வர்தான் கட்டுபடியாகிறது.

எவர்சில்வர் என்றால் எண்ண வேண்டும், கழுவ வேண்டும். மற்ற கடைகளுக்கும் இந்தக் கடைக்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டில்தான்.

எண்ணுவதைச் சொல்கிறேன். பாயிடம் கார்பன் வைத்த பில் புத்தகம் இருக்கிறது. மூன்று பத்தி: போனது, வந்தது, குறைவு. சாமான் கடையை விட்டுப் போகும் முன்னால் நம் ஆள் ஒருவர் அங்கே இருந்தே ஆக வேண்டும். டம்ளரைப் பத்துப் பத்தாக அடுக்கி, நம்மையும் சேர்ந்து வாய்விட்டு எண்ணச் சொல்வார். நசுங்கின தேக்சா, காது உடைந்த வாளி, கால் விரிசல் விட்ட சேர் எல்லாம் அப்போதே எழுதிவிடுவார். முன்பு நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த இன்னொரு இடத்தில் இதெல்லாம் கிடையாது. "எல்லாம் சரியா இருக்குக்கா, எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்துவிட்டு, திரும்பும்போது பழைய விரிசலுக்கெல்லாம் நம் தலையில் காசு வைப்பார்கள். சங்கப் பணத்தில் அப்படிக் கொடுத்துவிட்டு வந்தால் கூட்டத்தில் வாயைத் திறக்க முடியாது.

டம்ளர் அடியில் கடையின் எழுத்து வெட்டியிருக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் தெரு நிகழ்ச்சியில் டம்ளர் போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து நாலு, எதிர் வீட்டிலிருந்து ஆறு என்று வந்து கலந்துவிடும். திருப்பி எடுக்கும்போது பாய் அடியைப் பார்த்துத்தான் எண்ணுவார். நம் வீட்டு டம்ளர் போயிருந்தால் தனியாக எடுத்து வைத்துவிடுவார். ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்கு எடுத்த டம்ளரில் சில குறைந்தன. ஒன்றுக்கு 40 ரூபாய் என்று பிடித்துக்கொண்டு, "கிடைச்சா கொண்டாங்கக்கா, பணத்தைத் தந்துடறேன்" என்றார். இந்தப் பேச்சை எல்லாக் கடையிலும் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் ஒரு மொட்டை மாடியில், கொடியேற்றத்தன்று பையன்கள் மிட்டாயோடு ஏறி உட்கார்ந்திருந்த மூலையில், ஆறு டம்ளர் கிடைத்தன. கொண்டுபோய்க் கொடுத்தேன். பணத்தைத் தந்து, பழைய பில்லின் நகலிலும் குறைவை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். அந்தத் திருத்தம்தான் எனக்கு வேண்டியது. 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்த சங்கம் எங்களுடையது. வருஷா வருஷம் பேரவைக் கூட்டம் நடத்தி, கணக்கை மாவட்டப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். துண்டுச் சீட்டில் "பாத்திரம் 2,000" என்று கிறுக்கியதை வவுச்சர் கோப்பில் வைத்தால் தணிக்கைக்காரர் பார்க்கிற பார்வையே தாங்காது.

அடுத்தது கழுவுதல். கழுவாமல் கொண்டுபோனால் தனிக் கட்டணம், டம்ளருக்கு ஒன்று, தட்டுக்கு இரண்டு என்று ரூபாய்க் கணக்கில். முதலில் இது எங்களுக்கு வீண் செலவாகத்தான் பட்டது. பெண்கள் குழுவே கழுவிவிடும் என்று தீர்மானம் போட்டோம். (தீர்மானம் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள்.) ஆனால் மார்ச், ஏப்ரலில் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வரும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு நாலு குடம் எடுத்து வைக்கிற நேரத்தில் இருநூறு தட்டைக் கழுவ யார் தண்ணீர் தருவார்கள்? கோடையில் கடைக்கே விட்டுவிடுங்கள். மழைக் காலத்தில் நீங்களே கழுவலாம், ஆனால் அன்று ராத்திரியே முடித்துவிடுங்கள். "காலைல பார்த்துக்கலாம்" என்று எண்ணெய்ப் பிசுக்கோடு அண்டாவை வெளியே போட்டால், தேயிலைத் தோட்டத்தை ஒட்டின தெருவில் ராத்திரிக்குக் கரடி வரும், காட்டுப்பன்றி வரும். கோயில் விளக்கெண்ணெய்க்கே கதவை உடைக்கிற கரடிகள் இந்த மலையில் இருக்கின்றன. கரடி நசுக்கின தேக்சாவுக்கும் பாய் குறைவுதான் போடுவார். அது நியாயம்தான்.

சமையலுக்கு எடுப்பவர்கள் அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது நல்லது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். இங்கே தண்ணீர் 94 டிகிரிவாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த அண்டாவில் பருப்பு லேசில் வேகாது. இதெல்லாம் அவர் விளக்க மாட்டார். "பருப்புக்கு அண்டா வேணாம்க்கா, பெரிய குக்கர் எடுத்துக்கங்க" என்பார், அவ்வளவுதான். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு சமையல்காரர் இதைச் சிரித்து ஒதுக்கிவிட்டார். பந்தியில் பிள்ளைகள் சாம்பாரைக் குடித்துவிட்டுப் பருப்பைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்தன. ஜனவரிக் குளிரில் விடியற்காலை பெரிய அடுப்பைப் பற்றவைத்தால் சிலிண்டர் வெளியே பனி பிடித்து, கேஸ் வரத்துக் குறைந்துவிடும். இரண்டு சிலிண்டர் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுங்கள் என்பதும் அவர் யோசனைதான். சிலிண்டர் அவர் தருவதில்லை, நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சாமியானா பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. துணி பழசு, ஓட்டை இல்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அப்போது துணிச் சாமியானா கேட்டால் தர மாட்டேன் என்றே சொல்லிவிடுவார். துணி நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கி, கம்பியோடு சாயும். தார்ப்பாய் தருவார், இல்லையென்றால் பள்ளிக்கூட வராந்தாவைக் கேளுங்கள் என்பார். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று சொல்கிறவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

மைக் செட் வேண்டவே வேண்டாம். பேசுகிறவர் வாயைத் திறக்கும் முன்னால் அது ஊளையிடும். எங்கள் தலைவர் மைக்கைப் பிடித்தால் விட மாட்டார் என்பதால் அந்த ஊளையை வரவேற்பவர்களும் தெருவில் உண்டு, அது வேறு கதை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு, ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. ஐம்பது பேர் கூட்டத்துக்குச் சக்கரம் வைத்த ஸ்பீக்கர் ஒன்று போதும். நாங்கள் சந்தாவில் சொந்தமாக வாங்கிவிட்டோம்.

பெரிய குறை வண்டிக் கூலி. கடை பில்லில் வண்டி வாடகை மட்டும்தான் இருக்கும். குட்டியானை வண்டி ரோட்டிலேயே நின்றுவிடும். எங்கள் தெருவைப் போலப் படியில் இறங்க வேண்டிய இடம் என்றால் சுமைக்கூலி தனி, அதற்குச் சீட்டும் கிடையாது. இறக்கி முடித்த பிறகு தொகை சொல்வார்கள். கடைப் பையன்களைக் குறை சொல்லவில்லை, தலையில் அண்டாவோடு பாசி பிடித்த படியில் இறங்குவது லேசான வேலையா என்ன? ஆனால் முன்னாடியே பேசி, பாயின் பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் சேர் வாடகை குறைவு என்று ஒருவர் எப்போதும் சொல்வார். இங்கே சேர் 10 ரூபாய், அங்கே கொஞ்சம் குறையலாம். மே மாத சீசனில் பர்லியார் வழியாக மேலே வருவது, கோத்தகிரி வழியாகக் கீழே போவது என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். திரும்பிப் போகிற வண்டி மலையைச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும், அந்த வாடகையை யார் கொடுப்பது? மழைக்கு முன்னால் தெருவே சேர்ந்து சாக்கடை தூர்வாரும் நாளில் எங்களுக்கு வேண்டியது இருபது சேரும் டீ அண்டாவும்தான். அதற்கும் பாய் முகம் சுளிக்காமல் வண்டி அனுப்புகிறார்.

தை, ஆவணி முகூர்த்த நாட்களில் அவரிடம் எதுவும் மிஞ்சாது, கல்யாண வீடுகளுக்கு முன்பே போய்விடும். பொங்கல் விழாவுக்கு மார்கழி பிறந்ததும் பாதித் தொகை அட்வான்ஸ் கொடுத்து வையுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும். எண்ணுவதற்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், தலைவரை வேண்டாம்.