ஐந்து படி இறக்கம்: ‘ஸ்டேர்வே’யா, ‘ஹோட்டல் கலிபோர்னியா’வா?

அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். கிட்டார் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, இடது கை விரல்நுனி இன்னும் காய்த்துப்போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கிட்டாரும் கையுமாக வந்து எதிரில் உட்கார்ந்தான்.

“மாமா, முதல்ல ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ கத்துக்கட்டுமா, ‘ஹோட்டல் கலிபோர்னியா’வா?”

“ரெண்டும் ஒரே பாட்டுதான்டா, எதை வேணா ஆரம்பி” என்றேன். முறைத்தான். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டான். பாதி கிண்டல்தான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ராக் இசையில் ‘காலத்தை வென்ற மெல்லிசைப் பாட்டு’ என்று யார் பட்டியல் போட்டாலும் இந்த இரண்டும் அடித்துப்பிடித்து முன்னால் வந்து நிற்கும். லெட் செப்பலின் குழுவின் ‘ஸ்டேர்வே’ 1971 நவம்பரில், பெயரே வைக்காத அவர்களுடைய நான்காவது ஆல்பத்தில் வந்தது. நீளம் எட்டு நிமிடம். ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ 1976 டிசம்பரில், அதே பெயர் கொண்ட ஆல்பத்தில் வந்தது. இது ஆறரை நிமிடம். ரேடியோக்காரர்கள் மூன்று மூன்றரை நிமிடத்துக்கு மேல் போனால் முகம் சுளித்த காலம் அது. இரண்டு குழுவுமே பாட்டை வெட்டிக் கொடுக்க மறுத்தன. செப்பலின் ஒரு படி மேலே போய், தனி ரெக்கார்டாக வெளியிடவே மாட்டோம் என்றது. பாட்டு வேண்டுமென்றால் முழு ஆல்பத்தை வாங்கு! ஈகிள்ஸ் 1977 பிப்ரவரியில் தனியாக வெளியிட்டார்கள். மே மாதம் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் முதலிடம், அதுவும் ஒரே ஒரு வாரம். அடுத்த ஆண்டு கிராமி விருதும் கிடைத்தது.

இனி அந்த ‘ஒரே பாட்டு’ விஷயம்.

‘ஸ்டேர்வே’யின் தொடக்கத்தை வாசிக்கப் பழகும்போது கையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நான்காவது தந்தியில் ஏழாம் கட்டையில் (ஃப்ரெட்) தொடங்கும் விரல் ஆறு, ஐந்து, நான்கு, மூன்று என்று ஒவ்வொரு கட்டையாக இறங்கும். அதே நேரம் முதல் தந்தியில் சுண்டுவிரல் ஐந்து, ஏழு, எட்டு என்று ஏறும். ஒரே கையில் ஒரு விரல் படி இறங்க, இன்னொரு விரல் படி ஏறுகிறது. பாட்டின் பெயருக்கு வேறு விளக்கவுரையே வேண்டாம். அந்த இறக்கத்தை நம் கணக்கில் சொன்னால் ஸட்ஜம், காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், சுத்த தைவதம். இரண்டு நிஷாதமும் இரண்டு தைவதமும் இப்படி வரிசை கட்டி இறங்குவது நம் ராகங்களில் வழக்கமில்லை. மேற்கில் இது மிகப் பழைய சங்கதி. 17-ஆம் நூற்றாண்டு ஓபராக்களிலேயே ஒப்பாரி வைக்கும் கதாபாத்திரத்துக்குக் கீழே இந்த இறக்கத்தைத்தான் போடுவார்கள்.

இப்போது ‘ஹோட்டல் கலிபோர்னியா’வின் எட்டு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்): பி மைனர், எஃப் ஷார்ப், ஏ, இ, ஜி, டி, இ மைனர், மறுபடி எஃப் ஷார்ப். பார்த்தால் சம்பந்தா சம்பந்தமில்லாமல் தாவுவதுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொரு கார்டுக்குள்ளும் ஒரு ஸ்வரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பி, ஏ ஷார்ப், ஏ, ஜி ஷார்ப், ஜி. அதே ஐந்து படி! செப்பலின் வாசலில் கோலம் போட்டுக் காட்டியதை ஈகிள்ஸ் வீட்டுக்குள் எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார்கள். பல வருடம் வாசித்த பிறகும் எனக்கு இது தெரியாது. ஒருநாள் மின்வெட்டில் இருட்டில் உட்கார்ந்து, கார்டை முழுதாக வாசிக்காமல் ஒவ்வொரு தந்தியாக மீட்டிக்கொண்டிருந்தபோதுதான் காதில் விழுந்தது.

செப்பலின் வெளிப்படையாகக் காட்டியதற்கு விலையும் கொடுத்தது. ஸ்பிரிட் என்ற குழுவின் ‘டாரஸ்’ என்ற வாத்தியப் பாட்டிலிருந்து திருடியது என்று 2014-இல் வழக்கு. சண்டையெல்லாம் ‘ஸ்டேர்வே’ தொடக்கத்தில் ஏ மைனரில் வரும் இந்த இறக்கத்தைப் பற்றித்தான். 2016-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி, திருட்டு இல்லை என்றது. மேல்முறையீடுகள் முடிந்து 2020-இல்தான் விஷயம் ஓய்ந்தது. அந்தப் படிகள் யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது. இது என் கட்சியும்கூட. ஒரே ஊர்ப் பொதுக்கிணற்றில் இருவர் இறைத்த தண்ணீர். வேறுபாடு அதை வைத்து ஆக்கிய சமையலில் இருக்கிறது.

செப்பலின் சமையல் பொறுமைக்காரர்களுடையது. முதலில் கிட்டாரும் ரெக்கார்டர் குழல்களும் மட்டும். ஜான் பால் ஜோன்ஸ் ஊதிய அந்த மரக்குழல்கள் ஏதோ பழைய கோட்டைக்குள் நுழைந்துவிட்ட உணர்வைத் தரும். ஜான் பானம் டிரம்ஸ் குச்சியை எடுப்பது நான்கு நிமிடம் தாண்டித்தான். பாதிப் பாட்டு வரை தாளக்காரர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றால் யோசித்துப் பாருங்கள். பிறகு வேகம் கூடிக்கொண்டே போகிறது. செப்பலின் கிட்டார்காரர் ஜிம்மி பேஜ் அறுபதுகளில் லண்டன் ஸ்டுடியோக்களில் கூலிக்குக் கிட்டார் வாசித்தவர். அங்கே முதல் பாடமே ‘ஓடாதே, தாளம் பிடி’ என்பது. அந்த விதியை வேண்டுமென்றே மீறிப் பார்க்கத்தான் இந்தப் பாட்டை இப்படிக் கட்டினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். கிட்டார் தனியாக முன்னால் வந்து வாசிக்கும் சோலோவுக்குப் போகும்போது கார்டுகள் ஏ மைனர், ஜி, எஃப் என்று சுருங்கிவிடும். அதே படிகளை இப்போது இரண்டிரண்டாகத் தாவி இறங்குகிறார்கள். கடைசியில் எல்லா வாத்தியமும் ஓய்ந்து ராபர்ட் பிளான்ட்டின் குரல் மட்டும் தனியாக நிற்கும்.

1971 மார்ச் 5, பெல்ஃபாஸ்ட் அல்ஸ்டர் ஹாலில் முதன்முறையாக மேடையில் வாசித்தபோது கூட்டம் சலித்துப்போய் உட்கார்ந்திருந்ததாம். தெரிந்த பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்தார்கள் என்கிறார் ஜோன்ஸ். முதல் தடவை கேட்பவருக்கு அது நியாயமான எதிர்வினைதான். நான்கு நிமிடம் என்ன நடக்கப்போகிறது என்றே தெரியாதே.

ஈகிள்ஸ் கேட்பவரைக் காக்கவைப்பதில்லை. அந்த எட்டு கார்டும் ஒரு சுற்று வர சுமார் 26 நொடி. வார்த்தை தொடங்குவதற்கு முன்பே முழுச் சுற்றும் காதுக்குப் பழகிவிடும். டான் ஃபெல்டர் மாலிபு கடற்கரையில் வாடகைக்கு எடுத்த வீட்டில் உட்கார்ந்து போட்ட மெட்டு அது. முதலில் இ மைனரில் இருந்தது. டான் ஹென்லிக்கு அந்தச் சுருதி எட்டவில்லை. பி மைனருக்கு இறக்கினார்கள். அதனால்தான் ஏழாம் கட்டையில் கேபோ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு அந்தப் பன்னிரண்டு தந்திக் கிட்டார் அப்படி மணி உரசுவதுபோல ஒலிக்கிறது. பாடகருக்குத் தொண்டை எட்டாததால் கிடைத்த அழகு!

சோலோவில்தான் எனக்கு உண்மையான இழுபறி. பேஜ் வாசித்தது தனி ஆள் ஆட்டம். இன்னொரு கிட்டார்காரரான ஜெஃப் பெக் கொடுத்த பழைய டெலிகாஸ்டர் கிட்டாரில், முன்கூட்டியே முழுதாக எழுதிவைக்காமல், சில முறை வாசித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் கணத்தின் சூடு அதில் இன்னும் ஆறவில்லை. ‘ஹோட்டல்’ சோலோ அதற்கு நேர் எதிர். மயாமி ஸ்டுடியோவில் ஃபெல்டர் புதிதாக ஏதாவது வாசிக்கலாம் என்று கிட்டாரை எடுத்தாராம். ஹென்லி விடவில்லை. முதலில் அனுப்பிய கேசட்டில் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்றார். கேசட்டோ நாட்டின் மறுகோடியில் மாலிபு வீட்டில் கிடக்கிறது. ஃபெல்டர் வீட்டு வேலைக்காரம்மாவுக்குப் போன் போட்டு, கேசட்டைத் தேடி எடுக்கச் சொல்லி, ரிசீவரை டேப் ரெக்கார்டர் பக்கம் பிடிக்கவைத்து, அதைக் கேட்டு மறுபடி கற்றுக்கொண்டார். தன் கைவேலையைத் தானே போனில் பாடம் கேட்ட மனிதர்! அதன்பிறகு அவரும் குழுவின் இன்னொரு கிட்டார்காரர் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசிக்கிறார்கள், சுற்றுகள் சுருங்குகின்றன, கடைசியில் இருவரும் இழைந்து ஒன்றாகிவிடுகிறார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் பேசிப்பேசி முடிவில் ஒரே கோர்வையில் சேருமே, அந்தச் சுகம். பாடிக்காட்டவும் முடியும். சோலோவை வாயால் முனகத் தெரியாத ‘ஹோட்டல்’ ரசிகரை நான் பார்த்ததில்லை. பேஜின் சோலோவை அப்படி முனகுபவர்கள் கிட்டார்காரர்கள் மட்டும்தான்.

வரிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘ஹோட்டல்’ ஒரு கதை: இரவு, பாலைவனச் சாலை, தூரத்தில் விளக்கு, உள்ளே போனவன் வெளியே வரமுடியாது. ‘ஸ்டேர்வே’ புகைமூட்டம். பொருள் தேடி அலைந்தவர்கள் கடைசியில் ரெக்கார்டைத் தலைகீழாகச் சுற்றவிட்டுச் சாத்தான் பேசுகிறான் என்றெல்லாம் கிளப்பிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம். கதையா புகையா என்றால் நான் கதைக்காரன்.

ஒரு பாட்டு நிற்குமா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் உண்டு: மோசமான கைகளில் பிழைக்கிறதா? ‘ஹோட்டல்’ பிழைக்கும். கல்லூரி விடுதி மொட்டைமாடியில் ஐந்து தந்தி மட்டும் மிச்சமிருந்த கிட்டாரில், பாதி வரி மறந்துபோன ஒருவன் பாடிக் கேட்டிருக்கிறேன். சுற்றியிருந்த பதினைந்து பேரும் கூடவே பாடினார்கள். அந்த எட்டு கார்டு ஓடினால் போதும், பாட்டு தானாக நடக்கும். அதே மாடியில் இன்னொருவன் ‘ஸ்டேர்வே’ ஆரம்பித்தான். முதல் நிமிடம் அமைதி. இரண்டாவது நிமிடம் ஒருவன் டீ குடிக்கப் போனான். டிரம்ஸ் வரவேண்டிய இடத்தில் டிரம்ஸ் இல்லை, பாட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. 2012 டிசம்பரில் செப்பலினைக் கௌரவித்த கென்னடி சென்டர் விழாவில் ஹார்ட் குழுவின் வில்சன் சகோதரிகள் அதைப் பாடியபோது பால்கனியில் இருந்த பிளான்ட்டின் கண்ணே கலங்கியது உண்மைதான். ஆனால் அதற்கு மேடை நிறையக் கோரஸும், டிரம்ஸில் பானத்தின் மகன் ஜேசனும் தேவைப்பட்டார்கள்.

பிளான்ட்டுக்கே அந்தப் பாட்டு ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டது. இனிமேல் இதைப் போடமாட்டோம் என்று நன்கொடை கேட்ட அமெரிக்க ரேடியோ நிலையம் ஒன்றுக்குப் பணம் கொடுத்ததை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். 2007-இல் லண்டனில் செப்பலின் மறுபடி சேர்ந்து வாசித்த கச்சேரிக்குப் பிறகு அதை மேடையில் பாட அவருக்கு 2023 ஆகிவிட்டது. ஈகிள்ஸ் பக்கம் வேறு கூத்து. மெட்டுப் போட்ட ஃபெல்டரை 2001-இல் குழுவை விட்டு அனுப்பினார்கள். அவர் தனியாகப் போய் அதே பாட்டை வாசிக்கிறார், இவர்கள் இங்கே அதையே வாசிக்கிறார்கள். ஒருவருக்கும் அலுத்ததாகத் தெரியவில்லை. 1994-இல் நைலான் தந்திக் கிட்டாரும் தோல் வாத்தியமுமாக அவர்கள் மாற்றி வாசித்த வடிவத்தை ஸ்பீக்கர் கடையில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். ‘பேஸ் எப்படி இருக்கு பாருங்க சார்’ என்று போட்டுக் காட்டுவார்களே, அதேதான். வெளிவந்து இருபது வருடம் நெருங்கும்போது உடையை முழுக்க மாற்றிக்கொண்டும் ஆள் அடையாளம் தெரிகிறது. ‘ஸ்டேர்வே’யை அப்படி மாற்றினால் எது மிஞ்சும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

இதற்காக ‘ஸ்டேர்வே’ குறைந்த சரக்கு என்று சொல்லவில்லை. 1971 ஒலிப்பதிவு என்று பார்த்தால் அதற்கு இணை ‘ஹோட்டல்’ கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை, விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில் எட்டு நிமிடத்தையும் கேட்பேன். தினமும் கேட்க முடியாது. ‘ஹோட்டல்’ சமையற்கட்டில் ஓடினாலும் சரி, பஸ்ஸில் ஓடினாலும் சரி.

இதெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் மருமகன் கொட்டாவி விட்டான். “மாமா, எது ஈசி? அதைச் சொல்லுங்க.”

ஏழாம் கட்டையில் கேபோவை மாட்டிக் கொடுத்தேன். இ மைனர் பிடி, பி செவன் பிடி. கேபோ போட்டால் எல்லாம் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த வடிவங்கள்தான். எட்டு கார்டும் ஒரு சுற்று வந்தது, தடுமாறித்தான், ஆனாலும் வந்தது. கடைசிக் கார்டில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“முடிஞ்ச மாதிரியே இல்லையே மாமா?”

முடியாது. ‘ஸ்டேர்வே’யில் ஐந்து படி இறங்கினதும் சட்டென்று ஏ மைனருக்கு, வீட்டுக்கு, வந்துவிடுவார்கள். இங்கே எட்டாவது கார்டு வாசல்படியிலேயே நிற்கும். வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் மறுபடி முதல் கார்டைப் பிடிக்கவேண்டும், பிடித்தால் அடுத்த சுற்று தொடங்கிவிடும். ஒலிப்பதிவிலும் அவர்கள் முடிக்கவில்லை. இரண்டு கிட்டாரும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சத்தத்தை மெல்லக் குறைத்துவிட்டார்கள்.

இதை அவனிடம் சொல்ல வாய் திறப்பதற்குள் மறுபடி இ மைனர் பிடித்துவிட்டான்.