பெண்டு எடுத்த ஃபோர்க் டியூபுக்குப் புது டியூப் விலை: காரைக்குடிப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம். அம்மா பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பிக் குன்றக்குடி வரை போய்ச் சேர்ந்துவிட்டார். மாத்திரைப் பை மட்டும் பள்ளத்தூர் வீட்டிலேயே இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் காவடிக்காரர்கள் கூட்டம். அவர்களுக்கு ஒதுங்குகிறேன் என்று ஒரு டெம்போ என் பக்கம் ஏறி வந்தது. நான் மண்ணில் இறங்கினேன். பதற்றத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். புழுதி மண்ணில் முன் சக்கரம் சறுக்கி நேராக மைல்கல்லில் போய் முட்டியது. வேகம் முப்பதுகூட இருக்காது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நாலு பேர் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள், ஒரு பாட்டி விபூதி பூசிவிட்டார்.

வண்டி 2022-ல் வாங்கிய 125 சிசி. ஹேண்டில் கோணிவிட்டது. ஹெட்லைட் டூம் உடைந்தது, அதைச் சுற்றியிருக்கும் மூடியான வைசர் உடைந்தது, இடப்பக்க இண்டிகேட்டர் ஒயரில் தொங்கியது. லெக் கார்டும் பிரேக் பெடலும் வளைந்திருந்தன. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. பக்கத்திலிருந்து பார்த்தால் முன் சக்கரம் இன்ஜினை நோக்கிக் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது, அதை நான் கவனிக்கவே இல்லை. ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ரெண்டு குழாய்களும், வளைந்தால் அப்படித்தான் வருமாம்.

காரைக்குடிக்குள் ஒரு பட்டறையில் விட்டேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. புது போர்டு, தரையில் டைல்ஸ், வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிக் கேட்டால் பதில் வரும், எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஓனர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும்ணே. இன்சூரன்ஸ் இருக்குல்ல? க்ளைம் போட்டுக்கலாம், நீங்க கவலையே படாதீங்க" என்றார். அந்த வார்த்தையில் நானும் நிம்மதியாகச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் என் மண்டையும் சரியில்லை, ஒத்துக்கொள்கிறேன். வண்டி எடுக்கும்போது "அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் சார்" என்று ஷோரூமில் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். 2018 செப்டம்பர் 1 முதல் புது டூவீலருக்கு ஐந்து வருடம் கட்டாயம் என்பது தேர்டு பார்ட்டி மட்டும்தான், அதாவது நாம் இடித்தவருக்கான காப்பீடு. நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கு ஓடி என்கிற ஓன் டேமேஜ் தனி. என் பாலிசியில் அது ஒரு வருடத்துக்குத்தான் இருந்தது, 2023-லேயே தீர்ந்துவிட்டது. நான் புதுப்பிக்கவே இல்லை. உங்கள் பாலிசியை இப்போதே எடுத்துப் பாருங்கள், ரெண்டுக்கும் முடிகிற தேதி தனித்தனியாகப் போட்டிருக்கும்.

ஓனர் அந்தத் தாளை என்னிடம் முதல் நாளே வாங்கிப் பார்த்துவிட்டார். பார்த்தவுடன் சொல்லியிருக்கலாம். மூன்றாம் நாள், முன் சக்கரமும் ஃபோர்க்கும் கழன்று, வண்டி மொட்டையாக நின்ற பிறகுதான் போன் வந்தது. "உங்களுக்கு ஓடி இல்லையேண்ணே." அந்த நிலையில் வண்டியை வேறு எங்கே தள்ளிக்கொண்டு போவது? "சரி, செய்யுங்க" என்றேன். அவர் எதிர்பார்த்ததும் அந்த வார்த்தையைத்தான்.

(ஓடி இருந்திருந்தாலும் முழுத் தொகையும் வந்திருக்காது. மூன்று வருடத்தைத் தாண்டி நாலு முடியாத வண்டிக்கு இரும்புச் சாமானில் 25 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர் என்றால் எந்த வயது வண்டியானாலும் பாதிக்குப் பாதி. என்றாலும் வெறுங்கையோடு நிற்பதற்கு அது எவ்வளவோ மேல். இன்னொன்று, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி அவர்கள் பார்க்கும்முன் வண்டியைக் கழற்றவே விடக்கூடாதாம்.)

ஒரு வாரம் கழித்து வண்டியை எடுக்கப் போனேன். ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்:

ஃபோர்க் டியூப் 2 – 2,360
ஆயில் சீல், ஃபோர்க் ஆயில் – 420
கோன் செட் – 480
ஹேண்டில் பார் – 640
டூம் – 1,150
இண்டிகேட்டர் 2 – 420
வைசர் – 780
லெக் கார்டு – 850
பிரேக் பெடல் – 350
ஜிஎஸ்டி 28% – 2,086
லேபர் – 2,200

மொத்தம் 11,736. "முப்பத்தாறை விட்ருங்கண்ணே" என்று தாராளமாகக் கையை விரித்தார். ஜிபேயில் 11,700 அனுப்பினேன். பழைய சாமான் எங்கே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் காயலாங்கடைக்குப் போயிருச்சுண்ணே, உங்களுக்கு எதுக்கு அந்தக் குப்பை" என்றார். நானும் சரி என்று வந்துவிட்டேன். கழற்றிய சாமானை என் கையில் வாங்கியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

கோட்டையூர் தாண்டும்போதே தெரிந்தது, கையைக் கொஞ்சம் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. மெதுவாகப் போகும்போது ஹேண்டில் நடுவில் வந்து லேசாகப் பிடித்துக்கொள்கிறது. போன் போட்டேன். "புது ஃபோர்க்குண்ணே, ஐநூறு கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிரும்." செருப்பா, காலுக்குப் பழகுவதற்கு? அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. ராத்திரியில் டூம் வெளிச்சம் ரோட்டில் விழாமல் பள்ளத்தூர்ப் புளியமரத்து உச்சியில் விழுந்தது. ஸ்க்ரூவைத் திருகித் திருகிப் பார்த்தும் இறங்கவில்லை. அட்டைப் பெட்டியைக் காட்டாமல் மாட்டிய லோக்கல் டூம் அது.

பன்னிரண்டாம் நாள் காலை, ஒரு ஃபோர்க் டியூபைச் சுற்றி எண்ணெய் வளையம். கீழே வழிந்து டிஸ்க்குக்கு நாலு விரல் தள்ளி நின்றது. அந்த எண்ணெய் டிஸ்க்கிலும் பேடிலும் இறங்கினால் முன் பிரேக் வழுக்கிவிடும், பிடித்தாலும் நிற்காது. அன்றைக்கு வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் போனேன்.

புதுவயலில் அரிசி ஆலைகளுக்கு நடுவே ஒரு பெரியவர் பட்டறை வைத்திருக்கிறார். போர்டு கிடையாது, தவிட்டு வாசனைதான் அடையாளம். வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்து ரெண்டு தடவை அமுக்கினார், ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார். பிறகு ஸ்பேனரைத் தொடாமல் என்னைப் பார்த்து, "தம்பி, போனை எடுத்து வீடியோ புடி. நான் கழட்டுறதுலேர்ந்து புடி. நாளைக்கு அவன் என்னையச் சொல்லுவான்" என்றார். எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

டியூபை உருவி எடுத்துத் துடைத்தார். ஹேண்டிலுக்குக் கீழே டி-ஸ்டெம் என்கிற பிடி கவ்விப் பிடிக்கிற இடத்தில் டியூபைச் சுற்றித் துரு வளையம், உள்ளே கறுத்த அழுக்கு. "இது பன்னெண்டு நாள்ல வர்ற துருவா? நாலு மழைக்காலம் பாத்த துரு." அதற்குக் கீழே ஒரு சாண் தள்ளி, வெயிலில் சாய்த்துப் பிடித்தால் குரோமில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. பக்கத்திலேயே அச்சு வைத்து அழுத்திய தடம். அவர் மேசையில் ஒரு கண்ணாடித் துண்டு கிடந்தது. எங்கோ ஒரு பெரிய வீட்டை இடித்தபோது வந்த நிலைக்கண்ணாடி, முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடையில் வாங்கியதாம். அதன்மேல் டியூபை வைத்து உருட்டினார். டியூபும் கண்ணாடியும் தொடுகிற கோட்டில் வெளிச்சம் வந்து வந்து போனது. நேரான டியூபாக இருந்தால் ஒரே சீராக உருளும். இது நொண்டியது. அந்தத் தெருவில் பழசுக்குத்தான் மதிப்பு, பழசு என்று சொல்லியே விற்கிறார்கள். எனக்கு மட்டும் என் பழசையே புதுசு என்று விற்றிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். வளைந்த டியூபை லேத்துக்குக் கொண்டுபோய் பிரஸ்ஸில் பெண்டு எடுத்து, அதாவது அழுத்தி நிமிர்த்தி, அதையே மாட்டியிருக்கிறார்கள். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த இரும்பு அடுத்த தடவை அதே இடத்தில் சுலபமாக மடங்கும். நிமிர்த்தும்போது குரோம் வெடிக்கும். டியூப் மேலும் கீழும் போய் வரும்போது அந்த வெடிப்பு, அரம் மாதிரி ஆயில் சீலின் உதட்டை அராவும். அப்புறம் எண்ணெய் நிற்காது. ஹேண்டில் திரும்புகிற இடத்துக் குண்டு பேரிங்கான கோன் செட்டும் மாற்றவே இல்லை. மைல்கல்லில் முட்டியபோது குண்டுகள் பதிந்த குழிகள் பழைய கப்பில் அப்படியே இருந்தன. புதுக் கிரீஸை மட்டும் அப்பியிருந்தார்கள். ஹேண்டில் நடுவில் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

பெண்டு எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கையில் காசில்லாதவர்கள் தெரிந்தே செய்துகொள்கிறார்கள். லேத்தில் ரெண்டுக்கும் சேர்த்து நானூறு, ஐநூறு ஆகும் என்றார் பெரியவர். அந்தப் பட்டறைக்காரர் "அண்ணே, பெண்டு எடுத்துத் தர்றேன், மெதுவா ஓட்டுங்க, காசு வந்ததும் மாத்திக்கங்க" என்று சொல்லியிருந்தால் நானே தலையாட்டியிருப்பேன். ஐநூறு ரூபாய் வேலைக்கு 2,360 வாங்கியதுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, புதுசு என்று நம்ப வைத்து அறுபது வேகத்தில் ஓட விட்டது.

பெரியவர் புது டியூப் வாங்கி வரச் சொன்னார். டப்பாவில் அச்சடித்த விலை ஒன்றுக்கு 1,088, கீழே "அனைத்து வரிகளும் உட்பட". அங்கேதான் எனக்கு இன்னொரு பொறி தட்டியது. எம்ஆர்பி என்றாலே வரி உள்ளே அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வரி போடக் கூடாது. காரைக்குடிக்காரர் எம்ஆர்பிக்கு மேல் 28 சதவீதம் போட்டிருக்கிறார். போதாததற்கு, வண்டி உதிரி பாகங்களுக்கு 28 என்பதே 2025 செப்டம்பர் 22-ஆம் தேதியோடு போய்விட்டது, இப்போது 18. அவர் ஒரு டியூபுக்குப் போட்ட 1,180, வரி குறைவதற்கு முந்தைய விலை. பழைய விலை, பழைய வரி, பழைய டியூப்!

வெள்ளைத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மேலே பொடி எழுத்தில் "எஸ்டிமேட்". ஜிஎஸ்டி எண் எங்கேயும் இல்லை. தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-ல் தொடங்கிப் பதினைந்து எழுத்து, எண் இருக்க வேண்டும். பதிவில்லாத கடை ஜிஎஸ்டி என்று ஒரு பைசா வாங்க முடியாது. பதிவு இருந்தால் எண் போட்ட பில் தர வேண்டும். இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்த 2,086 ரூபாய் அரசாங்கத்துக்குப் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

புதுவயலில் எனக்கு ஆன செலவு: டியூப் 2,176, சீலும் ஆயிலும் 380, கோன் செட் 450, கூலி 900. ஆக 3,906. கழற்றிய டியூபுகளைத் தினத்தாளில் சுற்றிக் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்க தம்பி" என்றார்.

அதைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிப் பட்டறைக்குப் போனேன். நான் எதிர்பார்த்த பதில்தான். "வெளில கழட்டினதுக்கு நாங்க பொறுப்பில்லண்ணே. அவரு மாத்தி வச்சிருந்தா?" வீடியோவைக் காட்டினேன். முழுசாகப் பார்க்கவில்லை. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பையன், என் வண்டியை மாட்டியவன், தலையை நிமிர்த்தவே இல்லை. அவன்மேல் எனக்குக் கோபமில்லை, சொன்னதைச் செய்கிறவன். டியூபைப் பற்றி அரை மணி நேரம் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "சரி, ஜிஎஸ்டி எண்ணாவது குடுங்க, பில்லுல எழுதிக்கிறேன்" என்றேன். முகம் மாறியது. மறுநாள் காலை பத்து மணிக்கு 2,086 ரூபாய் என் கணக்குக்குத் திரும்பி வந்தது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல்.

டியூபுக்கும் கோன் செட்டுக்கும் போட்ட 2,840 இன்னும் வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம், இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். என் கையில் ஒழுங்கான பில் இல்லை. ஜிபே பதிவு, அந்த எஸ்டிமேட் தாள், வீடியோ, ரெண்டு டியூப், இவ்வளவுதான். "ரெண்டாயிரத்து எண்ணூறுக்கு சிவகங்கைக்கு அலையணுமா?" என்று அம்மா கேட்கிறார். அலையலாம் என்றுதான் இருக்கிறேன்.

போன சனிக்கிழமை அந்தப் பட்டறை வழியாக வந்தேன். வாசலில் ஒரு வண்டி, முன் சக்கரம் இல்லாமல் ஸ்டாண்டில் நின்றது. பக்கத்தில் காலேஜ் பையன் ஒருவன், முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஓனரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். வண்டியை ஓரங்கட்டினேன். ஓனர் என்னைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, கழட்டுன டியூபைக் கையில வாங்கிட்டுப் போப்பா" என்றேன், ரெண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி.