டி.எல்.டி, டி.எல்.ஈ, பூஸ்டர் போட்ட மாத்திரை: போதைப் பழக்கம் இருக்கிறவங்களுக்கு எதுல ஆபத்து கம்மி?

எச்.ஐ.விக்கு ஏ.ஆர்.டி, அதாவது வைரஸை அடக்கி வைக்கிற கூட்டு மருந்து, சாப்பிடுறவங்கள்ல குடிக்கிறவங்க இருக்காங்க, கஞ்சா அடிக்கிறவங்க இருக்காங்க, பார்ட்டியில எக்ஸ்டசிங்கிற போதை மாத்திரை எடுக்கிறவங்க, ஊசிப் பழக்கம் இருக்கிறவங்கன்னு எல்லாரும் இருக்காங்க, ஆனா மாத்திரை கொடுக்கிற ஏ.ஆர்.டி சென்டர்ல சொன்னா திட்டுவாங்க, மாத்திரையை நிறுத்திடுவாங்கன்னு பயந்து பாதிப்பேர் வாயே திறக்கிறதில்ல. பிரச்சனை என்னன்னா, நீங்க எந்த ஏ.ஆர்.டியில இருக்கீங்கங்கிறதைப் பொறுத்து அதே அளவு போதைப்பொருள் உடம்புல வேற வேற மாதிரி வேலை செய்யும். அதனால நம்ம ஊர்ல கொடுக்கிற மூணு வகையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துடலாம்.

முதல்ல ரொம்ப பயப்பட வேண்டியது பூஸ்டர் வகை. அட்டாசனவிர் ரிட்டோனவிர், லோபினவிர் ரிட்டோனவிர்னு வரும், பெரும்பாலும் முதல்ல கொடுக்கிற (முதல் லைன்) மருந்து வேலை செய்யாம போனவங்களுக்குக் கொடுப்பாங்க. இதுல இருக்கிற ரிட்டோனவிரோட வேலையே லிவர்ல மருந்தைக் கரைக்கிற சி.ஒய்.பி. 3ஏ4ங்கிற என்சைமை மடக்குறதுதான், அப்பதான் கூட இருக்கிற மருந்து ரத்தத்துல ரொம்ப நேரம் தங்கும். வீட்டு வடிகாலை அடைச்ச மாதிரி, உள்ள எது வந்தாலும் வெளிய போகாம தேங்கும், அது ஏ.ஆர்.டி மருந்தா போதை மருந்தான்னு லிவருக்குத் தெரியாது. 1996ல பிரிட்டன்ல ரிட்டோனவிர் எடுத்துட்டு இருந்த ஒருத்தர் எக்ஸ்டசி எடுத்து இறந்துட்டார், அவர் முன்னாடியும் எக்ஸ்டசி எடுத்தவர்தான், அப்பல்லாம் எதுவும் ஆகல. இந்தத் தடவை ரத்தத்துல எதிர்பார்த்ததைவிட கிட்டத்தட்ட 10 மடங்கு எக்ஸ்டசி இருந்துச்சு. ஜி.எச்.பி, கெட்டமின், மெத், ஃபென்டனில் எல்லாத்துக்கும் இதே பயம் இருக்கு. தூக்க மாத்திரையிலயும்தான், அல்பிரசோலம் தேங்கி மூச்சையே மந்தமாக்கிடும், மிடாசோலம் மாத்திரை இதோட சேர்க்கவே கூடாது. வயாகராவும் லிஸ்ட்ல உண்டு, அதுல இருக்கிற சில்டெனாஃபிலோட ரத்த அளவு 11 மடங்கு வரைக்கும் ஏறும், அதனாலதான் ரிட்டோனவிர்ல இருக்கிறவங்களுக்கு 48 மணி நேரத்துல 25 மில்லிகிராமுக்கு மேல கூடாதுன்னு வெச்சிருக்காங்க, அதோட மோந்து போதை ஏத்துற பாப்பர்ஸும் சேர்ந்தா பிரஷர் தடால்னு இறங்கிடும்.

இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். "சனிக்கிழமை பார்ட்டி, அன்னிக்கு மட்டும் மாத்திரையை விட்டுட்டா சரி"ன்னு நினைக்கிறவங்க இருக்காங்க. அது நடக்காது. ரிட்டோனவிரை நிறுத்தினாலும் அந்த என்சைம் திரும்ப எழுந்துக்க ரெண்டு மூணு நாள் ஆகும், அதனால பாதுகாப்பும் கிடைக்காது, வைரஸுக்கு மட்டும் ரெசிஸ்டன்ஸ், அதாவது மருந்துக்கு அடங்காத தன்மை, வர வழி கிடைக்கும். குடிக்கிற அன்னிக்கு மாத்திரை போட்டா விஷமாகிடும்னு நம்பி டோஸை விடுறதும் இதே கணக்குதான். குடி கெடுதல், சந்தேகமே இல்ல, ஆனா குடிச்ச அன்னிக்கும் மாத்திரையை விடக்கூடாது.

ரெண்டாவது டி.எல்.ஈ, அதாவது எஃபாவிரென்ஸ் இருக்கிற பழைய மாத்திரை. இது பூஸ்டருக்கு நேர் எதிர், என்சைமை வேகமா ஓட விடும், அதனால மத்த மருந்து சீக்கிரம் கரைஞ்சு போகும். அப்போ நல்லதுதானேன்னு தோணும், ஆனா ஹெராயினுக்குப் பதிலா டாக்டர் கொடுக்கிற மெத்தடோன் எடுக்கிறவங்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. எஃபாவிரென்ஸ் ஆரம்பிச்சா மெத்தடோன் அளவு பாதிக்குப் பாதி குறையும், ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள உடம்பு வலி, மூக்கு ஒழுகல், பேதி, தூக்கமின்மைன்னு வித்ட்ராயல், அதாவது போதை மருந்து குறையும்போது வர்ற அவஸ்தை, வந்துடும். மருந்து பத்தலைன்னு அவர் சென்டர்ல கேட்டா "இவன் போதைக்காகக் கேக்குறான்"னு பார்க்கிறவங்க இருக்காங்க, அந்த ஒரு அவமானம் போதும், ஆளு திரும்ப பிரவுன் சுகருக்கே (ஹெராயின்) போயிடுவார், அவர் கேட்டது நியாயமான டோஸ்தான். ஓ.எஸ்.டி சென்டர்ல, அதாவது ஹெராயின் மாதிரி போதைக்கு மாற்று மருந்து கொடுக்கிற இடத்துல, கொடுக்கிற புப்ரெனார்ஃபினும் எஃபாவிரென்ஸால குறையும்தான், ஆனா அதுல வித்ட்ராயல் அந்த அளவுக்கு வர்றதில்ல. அட்டாசனவிர் கூட போட்டா அதே புப்ரெனார்ஃபின் ஏறி ஆளை அசத்தும், அதையும் கவனிக்கணும்.

எஃபாவிரென்ஸ்ல தலைசுத்தலும் விசித்திரக் கனவும் தானாவே வரும், மேல சரக்கும் கஞ்சாவும் சேர்ந்தா எது எதனாலன்னே புரியாது, மன அழுத்தம் இருக்கிறவங்களுக்கு இது நிஜமாவே கஷ்டம். இன்னொண்ணு, சில யூரின் டெஸ்ட்ல எஃபாவிரென்ஸ் சாப்பிடுறவங்களுக்கு கஞ்சா பாசிட்டிவ்னு தப்பா காட்டும், வேலைக்கு மெடிக்கல் எடுக்கிறவங்க உறுதிப்படுத்துற டெஸ்ட் கேக்கணும்.

மூணாவது டி.எல்.டி. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை, நம்ம நாட்டுல 2020 வாக்குல அரசு சென்டர்கள்ல மாத்த ஆரம்பிச்சாங்க. டோலுடெக்ராவிர் அந்த என்சைமை அடைக்கிறதும் இல்ல, ஓட வைக்கிறதும் இல்ல, எக்ஸ்டசியையோ மெத்தடோனையோ பெருசா மாத்தாது. போதைப் பழக்கம் இருக்கிற ஒருத்தருக்கு நான் எதைச் சொல்லுவேன்னு கேட்டா யோசிக்காம இதைத்தான் சொல்லுவேன். அதுக்காக எக்ஸ்டசி பாதுகாப்பாகிடாது, அதோட சொந்த ஆபத்து அப்படியே இருக்கும், மாத்திரையால கூடாது, அவ்வளவுதான்.

குடிச்ச மறுநாள் வயித்தெரிச்சலுக்குப் போடுற மருந்துல மட்டும் கவனம் வேணும். ஜெலுசில், டைஜீன் மாதிரி ஆன்டாசிட்ல இருக்கிற அலுமினியமும் மக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடிச்சு வெச்சுக்கும், மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழிச்சுதான் ஆன்டாசிட், இல்ல ஆன்டாசிட்டுக்கு 6 மணி நேரம் கழிச்சு மாத்திரை. பேன்டோப்ரசோலால டோலுடெக்ராவிருக்கு பிரச்சனை இல்ல, ஆனா அட்டாசனவிருக்கு வயித்துல ஆசிட் வேணும், அதுல இருக்கிறவங்க மெடிக்கல்ல கேட்டு பேன்டோப்ரசோல் வாங்கிப் போடவே கூடாது.

பூஸ்டர்ல இருக்கிறவங்க டி.எல்.டிக்கு மாற முடியுமான்னு டாக்டரைக் கேளுங்க, பழைய ரெசிஸ்டன்ஸைப் பார்த்துதான் சொல்லுவாங்க, நீங்களா மாத்தாதீங்க. கேக்கும்போது பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிடுங்க. எச்.ஐ.வி நிலையை உங்க சம்மதம் இல்லாம வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017 எச்.ஐ.வி சட்டமே இருக்கு, நேர்ல பேச முடியலன்னா 1097 இலவச ஹெல்ப்லைன் இருக்கு. ஒரு மருந்து இன்னொண்ணோட மோதுமான்னு காட்டுற, லிவர்பூல் பல்கலைக்கழகம் நடத்துற இலவச இணைய செக்கர்ல போதைப்பொருள் பேரையே போட்டுப் பார்க்கலாம்.

இதுக்கு நடுவுல டி.பி வந்துட்டா இந்த ஒப்பீடு கொஞ்சம் மாறிடும். டி.பிக்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் எஃபாவிரென்ஸைவிட பலமா என்சைமை ஓட்டும், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராமை ரெண்டு வேளை எடுக்கணும், மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ரெண்டுமே இறங்கும், பூஸ்டர் மாத்திரையோட ரிஃபாம்பிசினைச் சேர்க்கவே முடியாதுன்னு அதுக்குப் பதிலா ரிஃபாபுட்டின் கொடுப்பாங்க, அதனால டி.பி மருந்து ஆரம்பிக்கிற அன்னிக்கே ஓ.எஸ்.டி சென்டர்லயும் சொல்லிடுங்க.